வேகமாகத் துடிக்கும் விளக்கும் ஓர் அனாமத்துக் கணக்கும்

பழைய பல்பைக் கழற்றி எறிந்துவிட்டு எல்ஈடி மாட்டிய கார்களுக்கென்று ஒரு தனிச் சத்தம் உண்டு. அதுவரை 'டிக்... டிக்... டிக்...' என்று நிதானமாக அடித்துக்கொண்டிருந்த இண்டிகேட்டர், திடீரென்று 'டிக்டிக்டிக்டிக்' என்று மாடிப்படி ஏறிவந்தவர் மாதிரி மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஹஸார்ட் ஸ்விட்சை அமுக்கினால் கேட்கவே வேண்டாம். நாலு மூலையும் சேர்ந்து, கல்யாண மண்டப வாசலில் போட்ட சீரியல் செட் போலப் படபடக்கும்.

வண்டிக்காரர் நேராக பல்பு வாங்கிய கடைக்கே திரும்பிப் போவார். அங்கே நடக்கும் உரையாடல் சென்னை ஜி.பி. ரோட்டிலும் சரி, உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒற்றை ஷட்டர் கடையிலும் சரி, அநேகமாக ஒன்றுதான்.

"அண்ணே, எல்ஈடி போட்டதுல இருந்து இண்டிகேட்டர் ரொம்ப வேகமா அடிக்குது."

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல தம்பி. ரெசிஸ்டர் போட்டா சரியாயிடும். நாலு பல்புக்கு நாலு. உக்காருங்க, பத்து நிமிஷம்."

பத்து நிமிஷத்தில் நான்கு ரெசிஸ்டர்கள் ஏறிவிடும். சத்தம் பழையபடி நிதானமாகிவிடும். அண்ணனுக்கும் திருப்தி, தம்பிக்கும் திருப்தி. எல்லோரும் சுபம்.

ஆனால் அந்த வேகமான துடிப்பு ஒரு நோய் அல்ல. அது ஒரு செய்தி. செய்தி பிடிக்கவில்லை என்பதற்காகத் தபால்காரரின் வாயில் துணியை அடைத்து அனுப்பிவிட்டு, 'வீட்டில் இனி எந்தப் பிரச்சினையும் இல்லை' என்று நிம்மதியாக உட்காருவதுதான் அந்தப் பத்து நிமிஷ ரிப்பேர். இது கொஞ்சம் கடுமையான வார்த்தையாகத் தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் தோன்றாது.

ரிலே என்னும் குமாஸ்தா

முதலில், இண்டிகேட்டர் ஏன் விட்டுவிட்டு எரிகிறது? பல்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஃப்ளாஷர் ரிலே என்று ஒரு சின்ன டப்பா இருக்கிறது. பழைய வண்டிகளில் இது வெறும் வெப்பத்தில் வேலை செய்தது. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு பட்டை. பல்புக்குப் போகும் கரண்ட்டினால் அது சூடாகி வளையும். வளைந்தால் தொடர்பு மாறும், ஆறினால் பழைய நிலைக்கு வரும். அவ்வளவுதான். இந்த வகை ரிலேயில் எல்ஈடி மாட்டினால் வேகமாக அடிக்காது. பட்டையைச் சூடாக்கப் போதுமான கரண்ட் இல்லாததால், விளக்கு மெதுவாகத் துடிக்கும் அல்லது துடிக்காமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கும்.

பின்னால் வந்தது எலக்ட்ரானிக் ரிலே. இதற்குப் படிப்பு கொஞ்சம் அதிகம். பல்புகளுக்குப் போகும் மொத்தக் கரண்ட்டை ஒரு மிகச் சிறிய தடையின் வழியாக அனுப்பி, அதன் குறுக்கே விழும் வோல்டேஜைப் பார்த்து, எவ்வளவு கரண்ட் போகிறது என்று ஒவ்வொரு துடிப்பிலும் அளந்துகொண்டே இருக்கும். அளவு குறைந்தால் 'ஒரு பல்பு செத்துப்போச்சு' என்று முடிவுகட்டி, துடிப்பை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிடும்.

சாதாரண சின்னக் காரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கத்துக்கு முன்னால் 21 வாட், பின்னால் 21 வாட், பக்கவாட்டில் 5 வாட். மொத்தம் 47 வாட். 12 வோல்ட்டில் இது சுமார் 3.9 ஆம்பியர். இதில் ஒரு 21 வாட் பல்பு போய்விட்டால் மிச்சம் 26 வாட். 47-க்கும் 26-க்கும் நடுவில் எங்கோ ரிலே ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குக் கீழே போனால் அபாயச் சங்கு.

இப்போது முன்னும் பின்னும் 3 வாட் எல்ஈடி மாட்டினால் ஒரு பக்கத்தின் மொத்தக் கணக்கு 11 வாட்தான். ரிலேயின் கண்ணுக்கு இது எப்படித் தெரியும்? முன்பல்பும் இல்லை, பின்பல்பும் இல்லை என்றுதான் தெரியும். அது தன் கடமையைச் சரியாகவே செய்கிறது. பத்து வருடமாக ஒரே மாதிரி வந்த கலெக்‌ஷன் திடீரென்று கால்வாசியாகக் குறைந்தால், பேரேட்டில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா சத்தம் போடுவார் அல்லவா? அதே சத்தம்தான் இது.

சத்தம் யாருக்காக?

வண்டி ஓட்டுகிறவரால் பார்க்கவே முடியாத ஒன்று அவருடைய வண்டியின் சொந்தப் பின்விளக்குதான். அவர் கைகாட்டுகிறார், ஆனால் கை இருக்கிறதா என்று அவருக்கே தெரியாது. அதனால்தான் டேஷ்போர்டில் அம்புக்குறி, அதனால்தான் டிக் டிக் சத்தம், அதனால்தான் அந்த வேகம்.

இது ஏதோ ஒரு கார் கம்பெனியின் பெருந்தன்மை என்று நினைக்க வேண்டாம். வாகன விளக்குகளுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை எண் 48, இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 90 தடவை, அதிலிருந்து 30 கூடவோ குறையவோ துடிக்கலாம் என்கிறது. டேஷ்போர்டு அடையாள விளக்கோ, ஒரு விளக்கு பழுதானால் அணைந்துவிட வேண்டும், அல்லது துடிக்காமல் எரிய வேண்டும், அல்லது தன் வேகத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றிக் காட்ட வேண்டும். நம் நாட்டின் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102-ஆம் விதியும் அதே எல்லையைத்தான் சொல்கிறது: விளக்கு ஆம்பர் நிறத்தில் இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மேற்படாமலும் துடிக்க வேண்டும்.

ஆக, 'வேகமா அடிச்சா அடிச்சுட்டுப் போகட்டும், அழகாத்தானே இருக்கு' என்று அப்படியே விடுவதும் சரியில்லை. 160, 170 என்று துடிக்கிற விளக்கு விதியை மீறுகிறது. அது மட்டுமில்லை, சங்கு எப்போதும் ஊதிக்கொண்டே இருந்தால் நிஜமாகத் தீப்பிடித்த அன்றைக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். சரிசெய்யத்தான் வேண்டும். எதை, எப்படி என்பதுதான் கேள்வி.

முதலில் நாடி பார்க்க வேண்டும்

கடைக்கு ஓடுவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் செலவு செய்தால் போதும், பாதி பிரச்சினை புரிந்துவிடும்.

ஒரு பக்கம் மட்டும் வேகமாக அடித்து, மறுபக்கம் ஒழுங்காக இருந்தால், அது எல்ஈடி குற்றம் என்று அவசரப்படக் கூடாது. அந்தப் பக்கத்தில் ஏதோ ஒன்று நிஜமாகவே எரியவில்லை. எல்ஈடிக்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. பழைய பல்புக்கு அந்தக் கவலை இல்லை. தலைகீழாகச் செருகினால் எரியாத எல்ஈடிகள் நிறைய. கழற்றித் திருப்பிச் செருக முடிந்த வகை என்றால் திருப்பிச் செருகிப் பார்க்கலாம். ஹோல்டரில் துரு, எர்த் ஒயர் தளர்ச்சி இதெல்லாம் அடுத்த சந்தேகங்கள்.

இரண்டு பக்கமும் வேகமாக அடித்து, எல்லா விளக்கும் எரிந்தால், அது கரண்ட் குறைவின் கதை.

இன்னொரு வேடிக்கை. சில கார்களில் இண்டிகேட்டர் போட்டால் வேகமாக அடிக்கும், ஹஸார்ட் போட்டால் ஒழுங்காக அடிக்கும். பேய் பிசாசு ஒன்றுமில்லை, கூட்டல் கணக்குதான். பின்னால் மட்டும் எல்ஈடி மாற்றிய வண்டியில் ஒரு பக்கம் 21 + 3 + 5 = 29 வாட். கோட்டுக்குக் கீழே போய்விட்டது, அதனால் வேகம். ஹஸார்டில் இரண்டு பக்கமும் சேர்ந்து 58 வாட். கோட்டுக்கு மேலே, அதனால் நிதானம். நான்கையும் மாற்றிவிட்டால் ஹஸார்டே 22 வாட்தான், அதுவும் படபடக்கும். (எல்லா வண்டியும் இப்படி என்று சொல்ல முடியாது. ஹஸார்ட் போடும்போது இந்தச் சோதனையையே நிறுத்திவைக்கும் வண்டிகளும் உண்டு.)

ரெசிஸ்டர்: ஓர் அனாமத்துக் கணக்கு

இப்போது கடைக்கார அண்ணனின் வைத்தியத்துக்கு வரலாம். தங்க நிற அலுமினிய உடம்போடு, '50 வாட் 6 ஓம்' என்று எழுதியிருக்கும் அந்த ரெசிஸ்டர் என்ன செய்கிறது? எல்ஈடிக்குப் பக்கத்தில் இணையாக உட்கார்ந்துகொண்டு, 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் கரண்ட்டை வாங்கி, வெளிச்சம் எதுவும் தராமல் வெறும் சூடாக்குகிறது. ரிலே 'சரி, 21 வாட் பல்பு இருக்கிறது' என்று நம்பிவிடும்.

பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியல் எடுத்தவர்களுக்கு இந்த வித்தை புதிதல்ல. இருப்பாய்வு போடுகிறோம். பற்றுப் பக்கமும் வரவுப் பக்கமும் ஒத்துப்போகவில்லை. தேர்வு நேரமோ முடியப்போகிறது. என்ன செய்வது? வித்தியாசத்தைத் தூக்கி அனாமத்துக் கணக்கில் போடு! இரண்டு பக்கமும் அழகாகச் சமமாகிவிடும். ஆனால் பிழை அங்கேயேதான் இருக்கும். அனாமத்துக் கணக்கு தற்காலிகமானது, பிழையைக் கண்டுபிடித்ததும் அதைத் திருத்திக் கணக்கை முடித்துவிட வேண்டும் என்று பாடப் புத்தகம் சொல்கிறது. ரெசிஸ்டரோ என்றைக்கும் முடிக்கப்படாத அனாமத்துக் கணக்கு. வண்டி காயலான் கடைக்குப் போகும்வரை அந்த வித்தியாசத்தை ஒளித்துவைத்துக்கொண்டே இருக்கும்.

அதன் விளைவைப் பாருங்கள். ஒருநாள் பின்பக்க வலது எல்ஈடி செத்துவிடுகிறது. ரிலேயின் கணக்கில் என்ன மாறும்? 3 வாட். ரெசிஸ்டர் தன் 24 வாட்டை ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே டிக்... டிக்... நிதானமாகவே அடிக்கும். டேஷ்போர்டில் அம்புக்குறி அழகாக மின்னும். ஓட்டுகிறவர் வலது பக்கம் சைகை காட்டியதாக மனதார நம்பித் திரும்புவார். பின்னால் வருகிறவருக்கு அந்தச் சைகை வந்து சேரவே சேராது.

அடுத்தது சூடு. எரியும் நேரத்தில் ஒவ்வொரு ரெசிஸ்டரும் எடுப்பது 24 வாட், எஞ்சின் ஓடி வோல்டேஜ் 14-ஐத் தொடும்போது 32 வாட் வரை. வீட்டில் ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் சோல்டரிங் அயர்ன் 25 வாட்தான் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் விஷயம் புரியும். துடிப்பில் பாதி நேரம் அணைந்திருப்பதால் சராசரி இதில் பாதி. ஆனாலும் நீண்ட நேரம் ஹஸார்ட் ஓடினால் தொட முடியாத சூடு ஏறும். அதை வண்டியின் இரும்பு உடம்பில் ஸ்க்ரூ போட்டு இறுக்க வேண்டும். பத்து நிமிஷ வேலையில் யார் ட்ரில் போடப் போகிறார்கள்? பிளாஸ்டிக் டேக் போட்டுப் பக்கத்தில் இருக்கும் ஒயர் கட்டோடு சேர்த்துக் கட்டிவிடுவதும் நடக்கிறது. சூடாகும் பொருளை ஒயரோடு கட்டுவது எவ்வளவு பெரிய புத்திசாலித்தனம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே பேட்டரிக் கணக்கு. ராத்திரி ஹைவேயில் வண்டி நின்றுபோய், எஞ்சினை அணைத்துவிட்டு ஹஸார்ட் போட்டுக் காத்திருக்கும் நிலைமை. சின்னக் காரின் 35 ஆம்பியர்-அவர் பேட்டரி. பழைய பல்புகளில் மொத்தம் 94 வாட், பாதி நேரம் அணைவதால் சராசரி 3.9 ஆம்பியர். காகிதக் கணக்கில் 9 மணி நேரம் தாங்கும். எல்ஈடி மட்டும் என்றால் சராசரி 0.9 ஆம்பியர், 38 மணி நேரம். அடேங்கப்பா! எல்ஈடியோடு நான்கு ரெசிஸ்டர்கள் சேர்ந்தால்? சராசரி 4.9 ஆம்பியர். 7 மணி நேரம்தான். நிஜத்தில் எல்லாமே இதைவிடக் குறையும், ஆனால் விகிதம் இதுதான். அதாவது, காசு கொடுத்து எல்ஈடி வாங்கி, மறுபடியும் காசு கொடுத்து ரெசிஸ்டர் வாங்கி, கடைசியில் பழைய பல்பைவிட அதிகக் கரண்ட் செலவழிக்கும் வண்டி ஒன்று கையில் இருக்கிறது. இந்த முதலீட்டுத் திட்டத்தை எந்தப் பேராசிரியரிடம் காட்டினாலும் பாஸ் மார்க் வராது :-)

ரிலேயை மாற்றுவது

இதைவிட நேர்மையான வழி, ரிலேயையே மாற்றிவிடுவது. 'எல்ஈடி ஃப்ளாஷர் ரிலே' என்று கேட்டால் கிடைக்கும். எவ்வளவு கரண்ட் போனாலும் ஒரே வேகத்தில் துடிக்கும். சூடு இல்லை, வீண் கரண்ட் இல்லை, ஒயரை வெட்ட வேண்டியதில்லை. ரிலே எங்கே இருக்கிறது என்று தெரியாவிட்டால், ஹஸார்டைப் போட்டுவிட்டு டிக் டிக் சத்தம் வரும் இடத்தைக் காதால் தேடிப்போனால் போதும். ஸ்டியரிங்குக்குக் கீழேயோ ஃபியூஸ் பெட்டியிலோ இருக்கும்.

கவனிக்க வேண்டியது கால்களின் வரிசை. பழைய ரிலேயில் இரண்டு கால் இருக்கலாம், மூன்று கால் இருக்கலாம். மூன்று கால் ரிலேயில் 'பி' பேட்டரிக்கு, 'எல்' விளக்குக்கு, 'ஈ' எர்த்துக்கு. ஐரோப்பிய வகையில் இவையே 49, 49ஏ, 31 என்று எண்களாக இருக்கும். வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் கால்களின் வரிசை மாறியிருக்கலாம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்து எழுத்தைப் படிக்காமல் செருகக் கூடாது.

புதிய கார்கள் பலவற்றில் தனி ரிலேயே கிடையாது. விளக்குகளை நிர்வகிக்கும் கம்ப்யூட்டர் பெட்டியே துடிப்பையும் பார்த்துக்கொள்ளும். டிக் டிக் சத்தம்கூட ஸ்பீக்கரில் இருந்து வரும் நடிப்புச் சத்தம். அந்த வண்டிகளில் ரிலே வைத்தியம் நடக்காது. சில மாடல்களில் கம்ப்யூட்டரின் அமைப்பை மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றில் ரெசிஸ்டர், அல்லது ரெசிஸ்டரை வயிற்றுக்குள்ளேயே வைத்து 'கேன்பஸ் பல்பு' என்ற பெயரில் விற்கிற எல்ஈடி. இரண்டாவது இன்னும் மோசமான ஏற்பாடு. எல்ஈடிக்கு எமன் சூடுதான். அதன் வயிற்றிலேயே அடுப்பை மூட்டினால் ஆயுசு எங்கிருந்து நீளும்?

'ரிலேயும் சங்கைத்தானே நிறுத்துகிறது?'

நல்ல கேள்வி. உண்மைதான். சாதாரண எல்ஈடி ரிலே கரண்ட்டை அளப்பதே இல்லை. விளக்கு செத்தாலும் அது சொல்லாது. அப்படியானால் ரெசிஸ்டருக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

ரெசிஸ்டர் போடுகிறவர், குமாஸ்தாவை வேலையில் வைத்துக்கொண்டே அவரிடம் பொய்க் கணக்கு காட்டுகிறார். ரிலே மாற்றுகிறவர், அந்தக் குமாஸ்தாவை வேலையை விட்டு அனுப்புகிறார். இரண்டாவதில் பொய் இல்லை. ஆனால் நாற்காலி காலி. அந்த நாற்காலியில் யாராவது உட்கார்ந்தே ஆக வேண்டும். உட்கார வேண்டியவர் வண்டிக்காரர்தான்.

கஷ்டமான உத்தியோகம் ஒன்றுமில்லை. வாரத்தில் ஒருநாள் இருட்டிய பிறகு, சுவருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி ஹஸார்டைப் போட்டுவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. இறங்கச் சோம்பலாக இருந்தால், கடைக் கண்ணாடியிலோ பின்னால் நிற்கும் காரின் முகத்திலோ தெரியும் பிரதிபலிப்பைப் பார்க்கலாம். அலைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, வண்டியின் பின்னால் வைத்துவிட்டும் பார்க்கலாம். தொழிற்சாலையிலேயே எல்ஈடி பொருத்தி வரும் கார்களில் இந்த வேலையை வண்டியின் எலக்ட்ரானிக்ஸே செய்கிறது, ஏனென்றால் எவ்வளவு கரண்ட் போக வேண்டும் என்பது அதற்கு முன்கூட்டியே சொல்லிக்கொடுக்கப்பட்டிருக்கிறது. கடையில் மாற்றிக்கொண்டவருக்கு அந்த வசதி இல்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

மாற்றாமலே இருந்தால் என்ன?

யாரும் கேட்காத கேள்வி இது. இண்டிகேட்டருக்கு எல்ஈடி எதற்கு?

மின்சாரச் சிக்கனம் என்பார்கள். கணக்குப் பார்க்கலாம். ஒரு பக்கம் 47 வாட், பாதி நேரம் அணைந்திருக்கும், ஆக சராசரி 24 வாட். தினமும் பத்து நிமிடம் இண்டிகேட்டர் போடுகிறார் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் நாளொன்றுக்கு 4 வாட்-அவர், வருடத்துக்கு ஒன்றரை யூனிட். பெட்ரோலில் சொன்னால் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். அதிலும் எல்ஈடி மிச்சம் பிடிப்பது முக்கால்வாசி. பல்பு, ரெசிஸ்டர், கூலி எல்லாம் சேர்த்துப் போட்ட காசு எப்போது திரும்பி வரும் என்பதை வகுத்துப் பார்ப்பது வாசகர்களுக்கு வீட்டுப்பாடம்.

எல்ஈடிக்கு நியாயமான பெருமை ஒன்று உண்டு. பழைய பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சம் தர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு பிடிக்கும். எல்ஈடி அந்தக் கணமே எரியும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் அந்த இடைவெளிக்குள் வண்டி நாலரை மீட்டர் ஓடிவிடும். பிரேக் லைட்டில் இது உயிரைக் காக்கக்கூடிய தூரம். ஆனால் மூன்று நொடி முன்கூட்டியே போட வேண்டிய இண்டிகேட்டரில் அந்த ஐந்தில் ஒரு பங்கு நொடிக்குப் பெரிய மதிப்பில்லை. அதோடு, அந்த விளக்குக் கிண்ணமே நடுவில் ஒரு புள்ளியாக எரியும் இழைக்காக வடிவமைக்கப்பட்டது. பக்கவாட்டில் சில்லுகள் ஒட்டிய எல்ஈடியை அதில் வைத்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சரியாகப் பரவும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆரஞ்சுக் கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளை எல்ஈடி வைத்தால் நிறம் வெளிறிப்போகும், ஆம்பர் எல்ஈடிதான் வாங்க வேண்டும். மிச்சம் இருப்பது அழகு. அழகு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அழகுக்கு என்ன விலை, அதை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பில் யார் தலையில்?

பொருளாதார வகுப்பில் புறவிளைவு என்று ஒரு பாடம் வரும். லாபம் ஒருவருக்கு, செலவு சம்பந்தமே இல்லாத மூன்றாமவருக்கு. ஆற்றில் சாயக் கழிவை விடும் ஆலைதான் வழக்கமான உதாரணம். செத்துப்போன இண்டிகேட்டரும் அதே ரகம்தான். விளக்கு எரியாததால் காருக்குள் ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு அதிகபட்சம் பம்பரில் ஒரு கோடு விழும். அந்தக் கார் நேராகப் போகும் என்று நம்பி வலது பக்கமாக ஏறிவரும் டூவீலர்காரருக்கு விழுவது கோடு அல்ல. நடுரோட்டில் இருட்டில் நின்றுபோன வண்டியின் ஹஸார்டில் ஒரு மூலை எரியாவிட்டால், பின்னால் வருகிறவர் அதை வேறு ஏதோ என்று நினைப்பார். ஒரு பக்கம் மட்டும் துடிக்கும் விளக்கு 'நின்றிருக்கிறேன்' என்று சொல்லாது, 'திரும்பப் போகிறேன்' என்று சொல்லும். இரண்டுக்கும் நடுவில் ஓர் உயிர் இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று சிலர் கேட்பார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. பதிவுச் சான்றிதழில் பல்பின் வகை எழுதப்படுவதில்லை, அதனால் இதற்கு அது பொருந்துமா என்று வாதாட இடம் இருக்கலாம். ஆனால் 102-ஆம் விதியில் வாதத்துக்கு இடமில்லை. விளக்கு எரிய வேண்டும், ஆம்பராக எரிய வேண்டும், சரியான வேகத்தில் துடிக்க வேண்டும்.

கடைக்காரரைத் திட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் கேட்டதைக் கொடுக்கிறார். 'சத்தம் நிற்கணும்' என்றால் சத்தத்தை நிறுத்துவார். ஆனால் பல்பை விற்கும்போது இரண்டு வாக்கியம் சேர்த்துச் சொல்லலாம்: "தம்பி, இது போட்டா வேகமா அடிக்கும், ரிலே மாத்தணும். அப்புறம் பல்பு போனா வண்டி சொல்லாது, நீங்கதான் பார்த்துக்கணும்." இதைச் சொன்னால் வியாபாரம் ஒன்றும் படுத்துவிடாது. வாங்குகிறவரும் 'சரி பண்ணுங்க' என்று மட்டும் சொல்லாமல், 'எது கெட்டுப்போச்சு?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பழகலாம்.

ஆக, வரிசை இதுதான். அவசியம் இல்லையென்றால் பழைய பல்பையே விட்டுவிடலாம். மாற்றியே தீர வேண்டும் என்றால் ரிலேயை மாற்றி, வாரம் ஒருமுறை சுற்றிப் பார்க்கும் பொறுப்பையும் ஏற்றுக்கொள்ளலாம். வேறு வழியே இல்லாத வண்டியில் மட்டும் ரெசிஸ்டர், அதுவும் இரும்பில் இறுக்கி, ஒயருக்கும் பிளாஸ்டிக்குக்கும் தள்ளி. அனாமத்துக் கணக்கு எழுதுவது பாவம் இல்லை. எழுதிவிட்டு மறந்துவிடுவதுதான் பாவம்.

பி.கு: எல்ஈடியோ பழைய பல்போ, ஜங்ஷனில் நேராகப் போவதற்கு ஹஸார்ட் போடும் நம் ஊர்ப் பழக்கத்துக்கு எந்த ரிலேயும் மருந்து இல்லை. பக்கத்தில் வருகிறவர் கண்ணில் ஒரு பக்க விளக்கு மட்டும்தான் படும். அவர், வண்டி தன் பக்கம் திரும்பப் போகிறது என்றுதான் நினைப்பார். நேராகப் போகிறவர் எதையும் போடாமல் நேராகப் போனாலே போதும்!